எண்பத்திரண்டு கிலோ மாமனார்

மாலினேயோ சந்தைக்குள் நுழைந்தால் ஆட்டு வியாபாரிகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நேராகப் போய், ஆட்டின் வயிற்றுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து ஒரு தூக்குத் தூக்குவாள்.

"முப்பத்தொண்ணு. நீ நாப்பதுன்னு சொல்லி வித்துக்கிட்டிருக்கே. மிச்சம் ஒன்பது கிலோவ எங்க கட்டி வச்சிருக்கே?"

"அம்மா, வாங்கறதுன்னா வாங்குங்க. இல்லன்னா கீழ இறக்குங்க. அது பயந்துபோய்ப் புழுக்கை போடுது."

"போடட்டும். இன்னும் கொஞ்சம் குறையும்."

ஆடு வாங்கவும் மாட்டாள். அவளுக்கு வேண்டியது அந்த எண் மட்டும்தான். ஈரக் கம்பளி எத்தனை கிலோ, காய்ந்த கம்பளி எத்தனை, புதுப் பாதிரியார் எத்தனை என்று எதையாவது தெரிந்துகொள்ளாமல் அவளுக்குப் பொழுது போகாது. பாதிரியாரிடம் நேரிலேயே கேட்டுவிட்டாள். அவர் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் பெருந்தீனி பற்றிப் பேசியதை, தனக்குச் சொன்ன பதில் என்றே எடுத்துக்கொண்டாள்.

எல்லாம் பிறந்த இடத்தின் பழக்கம். அவளுடைய அப்பா கம்பளிக் கொட்டகையில் மூட்டை தைத்தவர். செம்மறியாட்டு ரோமத்தை அமுக்கிக் கட்டி, பெரிய தராசில் ஏற்றும்போதெல்லாம் இவளும் கூடவே ஏறி நிற்பாளாம். கொட்டகைக்காரர்கள் திட்டித் திட்டி இறக்கிவிடுவார்களாம். வளர்ந்து நர்ஸ் ஆனாள். எங்கள் மலை ஆஸ்பத்திரியில் நாலு கட்டில் போட்ட தீவிரக் கவனிப்பு அறைக்கு அவள்தான் பொறுப்பு. நான் அவளுக்குக் கீழே வேலை பார்க்கும் நர்ஸ், பெயர் கெனுவே; அவள் வாயில் கெனு. கல்யாணமாகாதவள், வாய் நீளம் என்று ஊரில் எனக்குப் பெயர். இரண்டும் உண்மைதான்.

அந்த அறையில் எடை ஏன் இவ்வளவு முக்கியம் என்று தலைநகர் மஸேருவிலிருந்து வரும் பெரிய அதிகாரிகள்கூடக் கேட்பார்கள். மாத்திரை என்றால் கொடுத்தோம், விழுங்கினார், முடிந்தது. பம்ப் வைத்து ஏற்றும் மருந்து அப்படியில்லை. ஆளின் எடைக்கு இத்தனை, மணிக்கு இத்தனை என்று கணக்குப் போட்டுத் திறந்துவிட்டால், நாம் டீ குடிக்கும்போதும் அது உள்ளே போய்க்கொண்டே இருக்கும். எடையைத் தப்பாகப் போட்டால் தப்பும் அதே மாதிரி சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டே இருக்கும். மாலினேயோ இதைச் சொல்லிச் சொல்லி என் காது புளித்துவிட்டது.

"யாராவது எடையச் சொன்னா காதை மூடிக்க, கெனு. பொம்பளைங்க குறைச்சுச் சொல்வாங்க, ஆம்பளைங்க கூட்டிச் சொல்வாங்க. தராசுதான் சொல்லணும்."

நிற்க முடியாத நோயாளி என்றால் அவளுக்கு ஒரு வழி உண்டு. இரண்டு கையாலும் வாரி அணைத்துத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறுவாள். மொத்தத்தில் தன் எடையைக் கழிப்பாள். அதற்காகவே தினமும் காலையில் டீ குடிக்கும் முன்பு தன்னை நிறுத்துக்கொள்வாள். ஒருமுறை போலீஸ் ஏட்டு ஒருவரை அப்படித் தூக்கியபோது, மயக்கத்தில் இருந்த மனிதர் கண் திறந்து, "கல்யாணம் எப்போ?" என்று கேட்டாராம்.

இன்னொரு விதியும் உண்டு. பம்பைத் திறக்கும் முன்பு இரண்டு பேர் கட்டிலருகே நிற்க வேண்டும். திறப்பவள் நோயாளியின் பெயர், எடை, மருந்து, மணிக்கு எவ்வளவு என்று உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவள் தானும் கணக்குப் போட்டுப் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். இதில் யாராவது முணுமுணுத்தால் மாலினேயோ ஒரு பிடி பிடித்துவிடுவாள்.

இப்படிப்பட்டவள் வீட்டுக்குப் போனால் வேறு ஆள். கம்பளிப் போர்வையை மார்பில் ஊக்கு குத்தி மூடிக்கொண்டு, தலை குனிந்து, சத்தமில்லாமல் நடப்பாள். புருஷன் தெல்லோ கம்பளி லாரி ஓட்டுகிறவன், சாது. மாமனாரும் மாமியாரும் அதே முற்றத்தில் எதிர் வீடு. மருமகள் மாமனாரைத் தொடக் கூடாது. அவர் உட்கார்ந்த இடத்தில் உட்காரக் கூடாது. கம்பளி போர்த்தாத கோலத்தில் அவரைப் பார்க்கக் கூடாது. பெயரைச் சொல்லவே கூடாது. அவர் பெயர் மொட்லாலெபுலா, மழையோடு வந்தவர் என்று அர்த்தம். அதனால் மழை என்ற சொல்லும் அவள் வாயில் வராது.

"கெனு, மேலேருந்து இறங்குது. துணிய எடு" என்பாள்.

"என்ன இறங்குது அக்கா? ஹெலிகாப்டரா?"

"உனக்கும் ஒரு மாமனார் வருவாரில்ல, அப்பப் பாத்துக்கறேன். அவருக்குச் சோறுன்னு பேரு இருக்கணும்னு ஜெபம் பண்றேன்."

ஊரிலும் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தெல்லோவின் அப்பா என்பதால் ராத்தெல்லோ. மாமியார் மாத்தெல்லோ.

ராத்தெல்லோவிடம் ஒரு எண் இருந்தது. எல்லையைத் தாண்டிப் போய்த் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களில் பலரிடம் அப்படி ஒரு எண் இருக்கும். ஆள் எடுக்கும் ஆபீசில் சட்டையைக் கழற்றச் சொல்லித் தராசில் நிறுத்துவார்கள். எடை போதாதவனை வந்த வழியே அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பயந்து சிலர் கால்சட்டைப் பைக்குள் கல் போட்டுக்கொண்டு நின்றார்கள், சிலர் வயிறு வெடிக்கத் தண்ணீர் குடித்துவிட்டு நின்றார்கள். ராத்தெல்லோ வெறுங்காலோடு எண்பத்திரண்டு. ஆபீஸ்காரனே எழுந்து நின்று பார்த்தானாம். கல்யாணம், சாவு, பெயர் வைப்பு என்று எந்த விசேஷத்திலும் இரண்டாவது குவளை சோள பீருக்கு அந்தக் கதை வந்துவிடும். வீட்டில் எல்லாருக்கும் அது மனப்பாடம். சுரங்கம் அவரைத் திருப்பி அனுப்பியபோது நெஞ்சு நிறையத் தூசியும் இந்த எண்ணும்தான் அவரோடு வந்தன.

லெசோத்தோ மலைகளில் ஜூலை மாதக் குளிர் நெஞ்சு நோய்க்காரர்களை விடாது. ஒரு நாள் காலையில் அவரைக் கொண்டுவந்தார்கள். விசில் அடிப்பதுபோல் மூச்சு. உதடு நீலம். ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருத்தனே அவரைக் கம்பளியோடு சுருட்டித் தூக்கி வந்து நாலாம் கட்டிலில் கிடத்தினான். அவன் கழுதையையே தூக்குகிறவன் என்பதால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மாமனாரைத் தூக்கி வருகிறார்கள் என்றதும் மாலினேயோ வழக்கப்படி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் முகெண்டி வந்தார். காங்கோக்காரர். எங்கள் மொழியைப் பாதி கடித்துப் பாதி விழுங்கிப் பேசுவார். ஆவி மருந்து கொடுத்தும் மூச்சு திறக்கவில்லை. "அமினோபிலின் போடுவோம். முதல்ல ஒரு மொத்த அளவு, அப்புறம் பம்ப்ல கிலோவுக்கு மணிக்கு அரை மில்லிகிராம். எடை என்ன?"

"எண்பத்திரண்டு" என்றார் வாசலில் நின்ற மாத்தெல்லோ. மூச்சு விடாமல் சொன்னார்.

"அளந்ததா, சொன்னதா?"

மாலினேயோ தரையைப் பார்த்தாள். "சொன்னதுதான் டாக்டர். ஆனா வீட்டுக்கே தெரிஞ்ச எண்."

டாக்டரின் நெற்றி சுருங்கியது. அதற்குள் பிரசவ அறையிலிருந்து அவரைக் கத்திக் கூப்பிட்டார்கள். ஓடினார்.

"அக்கா, நான் வேணா தூக்கிப் பாக்கவா?" என்றேன்.

"நீ நாப்பத்தெட்டு கிலோ. எண்பத்திரண்ட எப்படித் தூக்குவே? ரெண்டு பேரும் விழுந்தா உனக்கு அஞ்சாவதா ஒரு கட்டில் போடணும்." வார்டு ஆள் சாவு வீட்டுக்கு லீவில் போயிருந்தான். மாலினேயோ தூக்கலாம், ஏட்டையே தூக்கியவள். ஆனால் தொடக் கூடாது. பேச்சு அத்தோடு நின்றது.

எனக்கு இன்றைக்கும் வியப்பு இதில்தான். ஆட்டுக்காரனை நம்பாதவள், பாதிரியாரை நம்பாதவள், அந்த எண்ணை மட்டும் கேள்வியில்லாமல் நம்பினாள். மருமகளாக நின்றபோது அவளுக்குள்ளிருந்த தராசு வேலை செய்யவில்லை போலிருக்கிறது.

ஊசியை நான் போட்டேன். குழாயை நான் ஒட்டினேன். அவரைத் தொடாமல் செய்ய முடிந்த வேலை பம்ப் என்பதால் அதை அவள் எடுத்துக்கொண்டாள். "நாலாம் கட்டில். எண்பத்திரண்டு கிலோ. அமினோபிலின். மணிக்கு நாப்பத்தொண்ணு" என்றாள். பெயர் வரவேண்டிய இடத்தில் கட்டில் வந்தது. நான் பெருக்கிப் பார்த்தேன், சரியாக இருந்தது. திருப்பிச் சொன்னேன்.

முதலில் மூச்சு திறந்தது. விசில் குறைந்தது. மாத்தெல்லோ கர்த்தருக்கு நன்றி சொல்லிவிட்டுச் சோளக்களியும் கீரையும் இருந்த டப்பாவைத் திறந்தார். உச்சி வெயில் ஏறும்போது ராத்தெல்லோ வாந்தி எடுத்தார். மறுபடியும் எடுத்தார். கை கிடுகிடுவென்று நடுங்கியது. மானிட்டரில் நாடி நூற்றி ஐம்பதைத் தாண்டி, நடுவில் ஒரு துடிப்பை விட்டுவிட்டு ஓடியது. "கூண்டை இறக்கு, கூண்டை இறக்கு, ஆளுங்க நிக்கறாங்க" என்று சுரங்கத்துப் பேச்சைப் பேச ஆரம்பித்தார்.

மாலினேயோ பம்பைப் பட்டென்று நிறுத்தினாள். டாக்டர் ஓடி வந்தார். நாடியைப் பிடித்தார், கண்ணைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார்.

"இது மருந்து கூடிப்போன ஆள் மாதிரி இருக்கு, சிஸ்டர். அடுத்தது வலிப்பு வரும், இல்ல இதயம் நிக்கும். எவ்வளவு கூடியிருக்குன்னு எனக்குத் தெரியணும். எடை வேணும். சொன்ன எடை வேண்டாம்."

மாலினேயோ என் கையைப் பிடித்தாள். "இவர் போயிட்டார்னா நான் அந்த முற்றத்துல எப்படிக் கால் வைப்பேன், கெனு? தெல்லோ மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்றாள். அவருடைய கம்பளி ஊக்கை நான்தான் கழற்றினேன்.

"நில்லு!" மாத்தெல்லோ குறுக்கே வந்தார். "மருமக முன்னால ஆம்பளையோட கம்பளிய உருவறதா? அவள வெளிய அனுப்பு."

"அம்மா, வெளிய போறதுன்னா நீங்க போங்க" என்றாள் மாலினேயோ. வீட்டில் அப்படி ஒரு குரலில் அவள் பேசியிருக்க மாட்டாள். மாத்தெல்லோ அசந்துபோய் விலகினார்.

கம்பளிக்கு அடியில் சுரங்கத்துக் கோட்டு. அதற்கடியில் ஒரு ஸ்வெட்டர். அதற்கடியில் இன்னொன்று. அதற்கும் அடியில், தோளிலும் மார்பிலும் பஞ்சு வைத்துத் தைத்த ஒரு பனியன். காலையில் ஊசி போட நான் ஒரு கையை மட்டும்தான் மணிக்கட்டு வரை விலக்கியிருந்தேன். முட்டைக்கோஸ் உரிப்பதுபோல் உரித்துக்கொண்டே போனேன். கடைசியில் கட்டிலில் கிடந்தது விலா எலும்பும் தோலும்.

மாத்தெல்லோ விசும்பினார். "நான்தான் தைச்சேன். இளைச்சா ஊர்ல என்ன பேசுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? சந்தைக்குப் போறப்ப ஒண்ணு போட்டார். அப்புறம் கோயிலுக்கு ரெண்டு. அப்புறம் வீட்டுக்குள்ளயும் கழட்டறதில்ல."

"மருந்துக்குக் கேக்கறப்பவும் எண்பத்திரண்டுன்னு சொன்னீங்களே, அம்மா!"

"வேற என்ன சொல்லச் சொல்றே? அவர் எடை அதுதானே?"

காலையில் மாலினேயோவே சொன்ன பதில் அது. கட்டிலருகே போனாள். ஒரு கணம் கண்ணை மூடினாள். பிறகு மாமனாரின் முதுகுக்கடியில் ஒரு கை, முழங்காலுக்கடியில் ஒரு கை கொடுத்தாள். கனமாக இருக்கும் என்று மூச்சைப் பிடித்துத் தூக்கியவள், வேகம் தாங்காமல் பின்னால் ஓரடி தள்ளாடினாள். அவர் தலை அவள் தோளில் சாய்ந்தது. நான் ஆக்சிஜன் குழாயையும் மானிட்டர் வயர்களையும் ஏந்திக்கொண்டு பின்னாலேயே போனேன். தராசில் ஏறி நின்றாள்.

நூற்றுப் பதினெட்டு. அவள் எழுபத்தொன்று.

"நாப்பத்தேழு" என்றேன். என்னைவிட ஒரு கிலோ குறைச்சல். நானே காலையில் தூக்கியிருக்கலாம்.

அவள் அவரை உடனே இறக்கவில்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்து அவருடைய மொட்டைத் தலையில் விழுந்தது. துடைக்க அவளுக்குக் கை இல்லை.

அதன் பிறகு காத்திருப்புதான். டாக்டர் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ரத்தம் எடுத்தோம், உப்புச் சத்து ஏற்றினோம், ஆவி மருந்து கொடுத்தோம். நாடி மெதுவாக இறங்கியது. மத்தியானத்துக்கு மேல் நடுக்கம் நின்றது. அதற்குள் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராத்தெல்லோவின் இரண்டு தங்கைகள் வந்துசேர்ந்து, கால் மாட்டில் பெஞ்சு போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். மருமகள் தொட்டாளாம், தூக்கினாளாம் என்று மாத்தெல்லோ சொல்லியிருந்தார். இரண்டு பேரும் மாலினேயோவை மேலும் கீழுமாகப் பார்த்தார்கள்.

நாடி அடங்கிய பிறகு மூச்சு மறுபடியும் இறுக ஆரம்பித்தது. டாக்டர் யோசித்து, "குறைச்சே ஆரம்பிப்போம். கிலோவுக்கு மணிக்கு பாயிண்ட் மூணு. பக்கத்துலயே இருங்க" என்றார்.

மாலினேயோ பம்பில் எண்ணைத் தட்டினாள். நான் எதிர்ப்பக்கம் நின்றேன். அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அத்தைமார் இரண்டு பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் படிக்கறேன் அக்கா, நீங்க திருப்பிச் சொல்லுங்க" என்றேன் மெல்ல.

"பம்ப்ல கை வச்சது நான். நான்தான் சொல்லணும்." நிமிர்ந்தாள். "மொட்லாலெபுலா" என்றாள்.

ஒரு அத்தை நாக்கைச் சப்பினாள். இன்னொருத்தி கம்பளியால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாலினேயோ பம்பிலிருந்து கையை எடுக்கவில்லை. முணுமுணுத்துவிட்டோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வார்டுக்கே கேட்கும்படி இன்னொரு முறை சொன்னாள்.

"மொட்லாலெபுலா! நாப்பத்தேழு கிலோ. அமினோபிலின். மணிக்குப் பதினாலு."

நான் மனதுக்குள் பெருக்கினேன். திருப்பிச் சொன்னேன். பம்ப் ஓட ஆரம்பித்தது.

மறுநாள் காலையில் அவர் தலையணையில் சாய்ந்து, புளித்த சோளக்கஞ்சியை உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தார். மெல்லிய ஆஸ்பத்திரிச் சட்டை மட்டும்தான் மேலே இருந்தது. மாலினேயோ கால்மாட்டில் தலை குனிந்து நின்றாள். அவர் என்னிடம் பேசினார்.

"மகளே, நேத்து ஒரு பொம்பளை என் பேரச் சொல்லிக் கூப்பிட்டா. ரெண்டு தடவ. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட பொம்பளை இந்த உலகத்துல ஒருத்திதான், எங்கம்மா. அவ போய்ச் சேந்து எவ்வளவோ காலமாச்சு. சரி, கூட்டிட்டுப் போக வந்துட்டான்னு நினைச்சேன். நான் கிளம்பத்தான் பாத்தேன்."

கால்மாட்டிலிருந்து குரல் வந்தது.

"நான்தான் கூப்பிட்டேன், அப்பா."

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் தலை இப்போது நிமிர்ந்திருந்தது.

"நீயா? எதுக்கு?"

"வேற ஆளுக்குப் போற மருந்து உங்களுக்குப் போயிடக் கூடாதுன்னு. நேத்து காலைல அப்படித்தான் போச்சு. எண்பத்திரண்டு கிலோ ஆளுக்குப் போக வேண்டியது. தப்பு என்னோடது."

கிழவர் கஞ்சிக் குவளையை மடியில் வைத்தார். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாத்தெல்லோ கம்பளியை எடுத்து அவர் தோளில் போர்த்தப் போனார். அவர் வேண்டாமென்று விலக்கினார்.

"அந்த ஆள் போய் ரொம்ப நாளாச்சும்மா" என்றார் மருமகளிடம். "இருக்கறவனுக்குப் போடு."